ஊரார் வாங்கிய மலை

நவம்பர் 8, சனி

மழை. ஆறு பாகை. ஸ்கீ மலைக்கு வேண்டியது குளிர். வானத்துக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

செய்ய வேண்டியவை: வின்டர் டயர். வைப்பர் ரப்பர். மகள் அபியின் அறை ஹீட்டர் (மூன்றாம் முறை சொல்லிவிட்டாள்).

காலையில் மனைவி சுகந்தியும் நானும் மொன்றியல் பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம் கார் ஓடி மலைக்குப் போனோம். வேலைக்கு அல்ல, கூட்டத்துக்கு. மலையடி ஊரின் தேவாலயத்து நிலவறையில் கூட்டம். இவ்வளவு காலமும் மலையை வைத்திருந்த கம்பனி, ஸ்கீயை மூடிவிட்டு நிலத்தை வீடு கட்டுபவர்களுக்கு விற்கப் பார்த்தது. கடைசி நேரத்தில் ஊரவர்கள் பதினொரு பேர் சேர்ந்து வாங்கிவிட்டார்கள். அவர்களுக்குத் தலைவி, டெப்பனர் கடை ஜினெட். முட்டை, பியர், மீன் பிடிக்கிற புழு எல்லாம் ஒரே கடையில் விற்பவள். இப்போது ஒரு மலையும் சேர்ந்திருக்கிறது.

கூட்டத்தில் காதில் விழுந்தவை: கதிரை லிஃப்ட் கிழடு, இந்த வருடம் தாங்கும், அடுத்த வருடம் கடவுள் விட்ட வழி. செயற்கைப் பனி மெஷின் இன்னும் இரண்டு வேண்டும். கிழமை நாட்களில் மொன்றியல் பள்ளிப் பிள்ளைகளைக் கூப்பிட வேண்டும். கோடையில் சைக்கிள் பாதை. ஒரு கிழவர் எழுந்து, "இரண்டு குளிர்காலம் தாக்குப்பிடித்தால் நாங்கள் வென்ற மாதிரி" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

நாங்கள் பின் வரிசையில் கோட்டைக் கழற்றாமல் இருந்தோம். பன்னிரண்டு குளிர்காலமாகச் சனி ஞாயிறும் விடுமுறைகளும் அங்கேதான் வேலை. நான் கதிரைக்காரன்: கம்பியில் தொங்கி வரும் கதிரையைப் பிடித்து ஆட்களை இருத்தி மேலே அனுப்புவது. சு. (சுகந்தி) ஷாலேயில். மலையடிக் கட்டடத்தை அப்படித்தான் சொல்வார்கள். கன்டீன், டிக்கெட், ஸ்கீச் சப்பாத்து வாடகை எல்லாம் அதற்குள். கோப்பை கழுவப் போனவள், இப்போது சப்பாத்து வாடகை அவள் கையில்.

"புது முதலாளிமாருக்கு நாங்கள் ஆர்?" என்று என் காதுக்குள் கேட்டாள். வேலை போய்விடுமோ என்ற பயம்.

கூட்டம் முடிந்ததும் சு. கோப்பை கழுவ உள்ளே போனாள். யாரும் கேட்கவில்லை. அழுக்குக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருக்க அவளால் முடியாது. ஜினெட்டும் ஒரு துணியோடு பின்னால் போனாள். நான் வெளியே கார்க் கண்ணாடி துடைத்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் ஜினெட் தனியாக என்னிடம் வந்தாள். ஷாலே முழுவதற்கும் பொறுப்பாக ஒருவர் வேண்டுமாம். கோடையிலும் வேலை, வருடம் முழுக்க. "உன் மனைவியைத்தான் நினைத்திருக்கிறோம். அந்தக் கட்டடத்தை அவளைப் போல் யாருக்கும் தெரியாது. நீ என்ன சொல்கிறாய்?"

எனக்கு ஒரே புளுகம், அவ்வளவு சந்தோசம். சிரித்துக்கொண்டு என் உடைந்த பிரெஞ்சில், "ஐயோ, அவளா? அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் சொல்லிச் சொல்லித்தான் செய்வாள். இவ்வளவு பெரிய பொறுப்பெல்லாம் அவளுக்குச் சரிவராது" என்றேன்.

ஜினெட் சிரிக்கவில்லை. "நேர்மையாகச் சொன்னதற்கு மெர்சி" என்று என் தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

காரில் சு. கேட்டாள்: "ஜினெட் என்னவாம்?"

"ஒண்டுமில்லை. ரோட்டு வழுக்குமாம், கவனமாப் போகட்டாம்."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஹீட்டரைக் கூட்டினாள்.

நவம்பர் 9, ஞாயிறு

மழை விட்டுவிட்டது. ஜான் டாலோன் தெருத் தமிழ்க் கடையில்: முருங்கைக்காய், பச்சை மிளகாய், லீக்ஸ், மாசிக் கருவாடு. கறிவேப்பிலை இல்லையாம்.

நேற்று எழுதியதை வாசித்தேன். பகிடியாக எழுதியிருக்கிறேன். பகிடியாக இல்லை.

நான் எதிர்பார்த்தது இதுதான். நான் "அவளுக்கு ஒன்றும் தெரியாது" என்பேன். ஜினெட், "சும்மா சொல்லாதே" என்பாள். நான் இன்னொரு தடவை இழுப்பேன். அவள் இன்னொரு தடவை வற்புறுத்துவாள். பிறகு நான், "சரி, நீங்கள் இவ்வளவு சொல்லும்போது" என்று இறங்கி வருவேன். எங்கள் வீடுகளில் ஒரு கோப்பைத் தேத்தண்ணிகூட இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லித்தான் வாங்குவோம். அபிக்குப் பரிசு கிடைத்தபோது வந்தவர்கள் புகழ, சு. சொன்னது: "எங்கை, எந்த நேரமும் போனோடைதான் கிடக்கிறாள்." கறி நல்லது என்றால், "உப்புக் கூடிப்போச்சு." நம்முடையதை நாம் புகழ்ந்தால் கண்ணூறு, வாய்க்கொழுப்பு. மற்றவர்கள்தான் புகழ வேண்டும்.

ஜினெட் டெப்பனர் வைத்திருப்பவள். இல்லை என்றால் இல்லை, இருக்கு என்றால் இருக்கு. எனக்குத் தெரியாதா? பன்னிரண்டு வருடம் இவர்களோடு பழகியிருக்கிறேன்.

நாளை போன் எடுத்துச் சொல்ல வேண்டும்.

நவம்பர் 10, திங்கள்

எடுக்கவில்லை. கிழமை நாட்களில் நான் வேலை செய்கிற பேக்கரிக் களஞ்சியத்தில் ஒரே வேலை.

நவம்பர் 12, புதன்

முதல் பனி. விழுந்து நிலத்தில் பட்டதும் கரைந்துவிட்டது.

அபி சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ கல்லூரியிலிருந்து இன்று வேளைக்கு வந்துவிட்டாள். வேலை முடிந்து நான் வர, குசினிக்குள் தாயும் மகளும். சு. பிரெஞ்சில் ஏதோ சொல்லிப் பார்க்கிறாள், அபி திருத்துகிறாள். "அம்மா, வாடிக்கையாளர் கோவமா வந்தா முதல்ல சாரி சொல்லாதீங்கோ. முதல்ல கேளுங்கோ."

என்னைக் கண்டதும் சு. அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள். என்ன நடக்கிறது என்று அபியிடம் கேட்டேன். "நத்திங். அம்மாக்கு பிரெஞ்ச்ல ஈமெயில் எழுதப் பழகோணுமாம். ஒக்டோபர்ல இருந்து கேக்கிறா."

ஒக்டோபர். ஊரார் மலையை வாங்கப் போகிறார்கள் என்ற கதை வந்ததும் ஒக்டோபரில்தான்.

கிழமை நாட்களில் சு.வுக்குக் கோட்-டெ-நெய்ஜில் ஆஸ்பத்திரி துப்புரவு வேலை. ஈரத் துடைப்பம், நீள நீள விறாந்தை. வலது முழங்கால் வீங்கியிருக்கிறது. சாப்பிட்ட பிறகு தைலம் பூசிவிட்டேன். "உங்கடை கை சூடா இருக்கு" என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

நவம்பர் 15, சனி

மேகமூட்டம். டயர் போட்டாயிற்று. கராஜ்காரன் மூன்று மணி நேரம் காக்க வைத்தான்.

கராஜில் இருக்கும்போதே ஜினெட்டின் அழைப்பு. பதினொரு பேரும் பேசினார்களாம். ஷாலே பொறுப்பை எனக்குத் தருகிறார்களாம்.

எனக்கு!

"உன் மனைவிக்கு எல்லாம் நீதான் சொல்லிக்கொடுப்பாய் என்றாயே. அப்படியானால் சரியான ஆள் நீதான்."

இல்லை, இல்லை, நான் அதற்குத் தகுதியான ஆள் இல்லை என்றேன். உண்மையாகவே சொன்னேன். ஜினெட் சிரித்தாள். "நீ அடக்கமான ஆள் என்று எனக்குத் தெரியும். இப்போது நம்ப மாட்டேன்." இரண்டாம் தடவையும் மறுத்தேன். அவள் வற்புறுத்தினாள். சு.வுக்காக நான் எதிர்பார்த்த அந்த வற்புறுத்தல் முழுவதும் எனக்கே கிடைத்தது. அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வசனம் போதும். நான் "மெர்சி" என்றேன்.

ஏன்? டயருக்கு முறை வந்துவிட்டது, அவன் என் பெயரைக் கூப்பிட்டான். இதையும் ஒரு காரணம் என்று எழுதுகிறேன் பார்.

வீட்டில் சு. லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். சொன்னேன். கத்தியை வைத்தாள். கையைத் துடைத்தாள்.

"உங்களுக்கோ?"

"ஓம். நானும் எதிர்பார்க்கேல்லை."

"நல்லது" என்றாள். பிறகு, "நல்ல விஷயம்தானே" என்றாள். மறுபடி கத்தியை எடுத்தாள். பின்னேரம் சவ்வரிசிப் பாயாசம் வைத்தாள். கசுக்கொட்டை போட்டு, உலர்ந்த பிளம்ஸ் போட்டு. அபி இரண்டு கிண்ணம் குடித்தாள். நானும் குடித்தேன். தொண்டையால் இறங்கவில்லை என்று எழுத ஆசை. இறங்கியது. நன்றாகவும் இருந்தது. அதுதான் இன்னும் வெட்கம்.

நவம்பர் 16, ஞாயிறு

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். இதை நான்தானே வாசிக்கப் போகிறேன்.

அன்று வாயில் வந்தது அடக்கம் மட்டும்தானா? கதிரைக்காரனின் மனைவி ஷாலேக்கே பொறுப்பு என்றால், நான் நேரம் பிந்தி வந்தால் அவளிடம்தான் காரணம் சொல்ல வேண்டும். அந்த நினைப்பு அந்த நேரம் வந்ததா? ஒரு நொடிதான். ஆனால் வந்தது.

நவம்பர் 22, சனி

−7. கடைசியில் குளிர்! மலையில் பனி மெஷின்கள் ஓடத் தொடங்கிவிட்டன. பதினொரு பேரில் பாதிப்பேர் கோப்பிக் கோப்பையோடு வெளியே நின்று அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெள்ளைத் தூறல் வெளிச்சத்தில் நல்ல வடிவு. தங்கள் வீட்டுப் பிள்ளை முதல் அடி வைப்பதைப் பார்க்கிற முகம் அவர்களுக்கு.

இன்று ஒத்திகை. கீழ்ச் சரிவில் மட்டும் பனி, ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்தார்கள். ஷாலேக்கு நான் பொறுப்பு. மார்பில் பெயர் அட்டை.

செய்த கூத்து: பஸ்ஸால் இறங்கிய எல்லாப் பிள்ளைகளையும் நேரே சப்பாத்துக்கு அனுப்பினேன். வரிசை கதவு வரை. குளிர் முழுக்க உள்ளே. ஒருத்தன் அழுகிறான், ஒருத்தி சத்தி எடுக்கிறாள், ஆசிரியை என்னை முறைக்கிறாள். சு. தன் மேசையிலிருந்து எழுந்து வந்து, பாதிப் பிள்ளைகளைக் கன்டீனுக்குத் திருப்பிச் சூடான சொக்கலேற் கொடுக்கச் சொன்னாள். அவ்வளவுதான். வரிசை கரைந்துவிட்டது. போகும்போது, "மனேஜர் ஐயா, பெயர் அட்டை தலைகீழாக் கிடக்குது" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சிரிப்பு கண்ணுக்குப் போகவில்லை.

ஜினெட் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். என்னிடம் வந்து: "அவளை நன்றாகப் பழக்கியிருக்கிறாய்."

நாய்க்குட்டியைப் பழக்குகிற மாதிரி. நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அழுத பிள்ளையின் கையுறையைக் காணவில்லை என்று கூப்பிட்டார்கள்.

நவம்பர் 30, ஞாயிறு

மழை, மழை, மழை. எட்டுப் பாகை. ஒரு கிழமை அடித்த பனியில் பாதி போய்விட்டது. சரிவில் புல் தெரிகிறது.

ஜினெட்டின் கடைக்குப் போனேன். கல்லாவுக்குப் பின்னால் போனில் வானிலையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். கண் சிவந்திருந்தது. "கம்பனி சொன்னது சரிதானோ? இனி இங்கே குளிர்காலம் இல்லையோ?" கோடையில் சைக்கிள், இலையுதிர் காலத்தில் நடைபாதை, ஷாலேயில் கலியாணம், பிறந்தநாள் என்று அடுக்கினாள். "மலை தப்ப வேண்டுமென்றால் இனி ஷாலேதான் தப்ப வைக்க வேண்டும். பனியை நம்ப முடியாது. உன்னை நம்பியிருக்கிறோம்."

அதாவது என் வாய் கெடுத்தது சு.வின் வேலையை மட்டும் இல்லை. ஊரார் பதினொரு பேர் தங்கள் மலையைப் பிழையான ஆளின் கையில் கொடுத்திருக்கிறார்கள். அது பிழை என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான், நான் ஒரு பாண் பக்கெட் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அது பழைய பாண் வேறு.

டிசம்பர் 4, வியாழன்

−12. இரண்டு நாளாக நல்ல பனி. மலை தப்பியது, இந்தக் கிழமைக்காவது. சனிக்கிழமை திறப்பு.

வீட்டில் கார்த்திகை விளக்கீடு. சு. வெளி இரும்புப் படிகளில் சிட்டி விளக்கு வைத்தாள். காற்று ஒவ்வொன்றாக அணைத்தது, அவள் ஒவ்வொன்றாகக் கொளுத்தினாள். கோட்டுக்கு மேல் சால்வை, கையில் தீப்பெட்டி. நான் கண்ணாடிப் போத்தல்களை வெட்டி மறைப்பு வைக்கலாமா என்று யோசனை சொன்னேன். யோசனை சொல்வதில் நான் கெட்டிக்காரன்.

இன்று சொல்லிவிடுவது என்று இருந்தேன். படியில் பக்கத்தில் இருந்தேன். "இஞ்சேரும்" என்றேன்.

"சொல்லுங்கோ" என்றாள். கையிலிருந்த நெருப்புக்குச்சி எரிந்து முடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சனிக்கிழமை எத்தினை மணிக்கு வெளிக்கிடுறது?"

குச்சியைப் போட்டாள். "நேரத்தோடை போகோணும். பால் காய்ச்சோணும். ஜினெட்டிட்டைக் கேட்டிட்டன், ஓமெண்டவ. புது முதலாளி, புதுக் குளிர்காலம், வெறுங்கையோடை துடங்கேலாது."

எழும்பி உள்ளே போய்விட்டாள். கடைசி விளக்கு கொளுத்தாமல் கிடந்தது. நான் கொளுத்தினேன். அணைந்துவிட்டது.

டிசம்பர் 6, சனி

−9. வெயில். காற்று இல்லை. கடவுளே இறங்கி வந்து ஒழுங்கு பண்ணின மாதிரி ஒரு நாள்.

கொண்டு போனவை: புதுப் பானை, பால், சர்க்கரை, குத்துவிளக்கு, கற்பூரம் (நெருப்பு மணி அடிக்கும் என்று கற்பூரத்தை மட்டும் காரிலேயே விட்டோம்).

கன்டீன் அடுப்பில் பால் வைத்தோம். பதினொரு பேரும் சுற்றி நின்றார்கள். ஜினெட், "யார் பற்ற வைப்பது?" என்றாள். சு. ஒரு அடி பின்னால் போய் என்னைக் காட்டினாள். "பொறுப்பாளர்தான்." நான் அடுப்பைத் திருகினேன். பால் பொங்கி வர, அந்த "இரண்டு குளிர்காலம்" கிழவர், ஐயோ வழிகிறது என்று துணியோடு பாய்ந்தார். சு. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடுங்கள், வழியத்தான் வேண்டும்" என்று பிரெஞ்சில் சொன்னாள். வடிவான பிரெஞ்சு. அடுப்பெல்லாம் வழிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். கிழவர் அழுதார். வெளியே பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸால் இறங்கும் சத்தம்.

அவ்வளவு சந்தோசத்துக்கு நடுவில் என்னால் நிற்க முடியவில்லை. ஜினெட்டைக் களஞ்சிய அறைக்குள் கூட்டிக்கொண்டு போனேன். டொய்லட் பேப்பர் பெட்டிகளுக்கு நடுவில் நின்று சொன்னேன். அன்று கார் பக்கத்தில் சொன்னது உண்மை இல்லை. எங்கள் ஆட்கள் தங்கள் வீட்டாளை அப்படித்தான் குறைத்துச் சொல்வார்கள். அவளுக்கு நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. இந்த வேலை அவளுடையது.

ஜினெட் ஒரு பெட்டியின் மேல் இருந்தாள். பிறகு சொன்னாள்:

"நான் முதலில் அவளிடம்தான் கேட்டேன். கோப்பை கழுவும்போது. உன்னால் முடியுமா என்று. தன்னைப் பற்றித் தானே சொல்லக் கூடாதாம். 'என் கணவரைக் கேளுங்கள். பன்னிரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் சொல்வார்' என்றாள். அதனால்தான் நான் உன்னிடம் வந்தேன்."

இந்தக் குளிர்காலத்துக்கு மாற்ற முடியாதாம். பதினொரு பேரும் கை உயர்த்தி முடிவு எடுத்தது. வசந்தக் கூட்டத்தில் திரும்ப வைத்துப் பார்ப்பாளாம். வாக்குக் கொடுக்க மாட்டாளாம்.

ஆக, சு.வுக்கு அன்றே தெரியும். "ஜினெட் என்னவாம்" என்று காரில் கேட்டபோதே தெரியும். ரோட்டு வழுக்குமாம் என்று நான் சொன்னபோது தெரியும். பாயாசம் கிண்டும்போது தெரியும். படியில் நெருப்புக்குச்சியைப் பிடித்துக்கொண்டு இருந்தபோதும்.

திரும்பி வரும்போது அவள்தான் கார் ஓட்டினாள். லவால் பாலத்தில் ஏறும்போது சொன்னேன்:

"ஜினெட் முதல் உம்மட்டைத்தான் கேட்டவவாம்."

"ஓம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

"ஜினெட்டிட்டையோ, உம்மட்டையோ?"

"ரெண்டு பேரிட்டையும்தான்."

மன்னிப்புக் கேட்டேன். களஞ்சிய அறையில் பேசியதையும் சொன்னேன். சிக்னல் போட்டு வலப் பக்கம் மாறினாள். "முருங்கைக்காய் கிடக்குது, நாளைக்குச் சமைக்கோணும்" என்றாள்.

டிசம்பர் 7, ஞாயிறு

−14. வெயில். வாடகைச் சப்பாத்து அத்தனையும் வெளியே. மேல் சரிவும் திறந்தாயிற்று. ஜினெட் கதிரை லிஃப்டில் ஏறித் தானே ஒரு சுற்றுப் போய் வந்தாள். கன்டீனில் சூப் மத்தியானத்தோடு முடிந்தது. என் பிழை, நாளைக்குக் கூடப் போட வேண்டும்.

மத்தியானம் ஒரு தாய், இரண்டு பிள்ளைகளோடு. சின்னவனுக்கு எந்தச் சப்பாத்தும் பிடிக்காமல் நிலத்தில் உருண்டான். சு. முழங்கால் வலியோடு நிலத்தில் இருந்து, அவனோடு ஏதோ கதைத்து, காலில் ஏற்றிவிட்டாள். தாய் என்னிடம், "இந்தப் பெண் அருமையானவர்" என்றாள்.

வழக்கமான பதில் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். ஷாலே முழுக்கக் கேட்கும்படி பிரெஞ்சில் சொன்னேன்: "ஆம். இங்கே இவளைவிடத் திறமையான ஆள் இல்லை. இவள் என் மனைவி."

தாய் சிரித்தாள். கன்டீன் பக்கமிருந்து யாரோ கை தட்டினார்கள்.

சு. நிமிரவில்லை. சின்னவனின் சப்பாத்துக் கொக்கியை இறுக்கிக்கொண்டே தமிழில் கேட்டாள்:

"இப்ப ஆருக்குச் சொல்லுறியள்?"